மணலில் எழுத்துப் படித்த ஐயர்
பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரின் வாழ்க்கை (1682–1719)

நமது சபையின் ஆண்டு விழா மலருக்கு ஒரு தேவ ஊழியரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஜெர்மனியில் வாழும் தமிழராகிய நாம், தமிழர் நடுவில் வாழ்ந்த ஒரு ஜெர்மானியரை நினைப்பது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணி, சீகன்பால்கு ஐயரைத் தெரிந்துகொண்டேன்.

இவர் பெயரைக் கேளாதவர்கள் நம்மில் குறைவு. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர், இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரிகளில் ஒருவர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். ஆனால் அந்தப் பெரிய காரியங்களுக்கு முன்னே அவர் செய்த ஒரு சிறிய காரியம் உண்டு. தெரியாத ஊரில், தெரியாத மக்களுக்கு ஊழியம் செய்ய வந்து இறங்கிய அவர், முதலில் என்ன நினைத்தார், பிறகு எப்படி மாறினார் என்பதே அது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன்.

புல்ஸ்னிட்ஸ் ஊர்ப் பையன்

டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில் புல்ஸ்னிட்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் கடைகளில் விற்கும் பெஃபர்கூகன் என்னும் மசாலா கேக்குக்குப் பெயர் போன ஊர். பிள்ளைகளே, அதைச் சாப்பிடும்போது இனி நீங்கள் சீகன்பால்கு ஐயரையும் நினைத்துக்கொள்ளலாம். அவர் பிறந்தது அங்கேதான், 1682ஆம் ஆண்டில்.

அப்பா தானிய வியாபாரி. வசதியான வீடுதான், ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயார் இறந்துபோனார். மரணப் படுக்கையில் அந்தத் தாய் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாம் அவர்களுக்கு ஒரு புதையலை விட்டுப் போவதாகவும், அதை வேதாகமத்தில் தேட வேண்டும் என்றும், அதன் பக்கங்களைத் தாம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் சொன்னாராம். சில ஆண்டுகளில் தகப்பனாரும் காலமானார். மூத்த சகோதரிதான் தம்பியை வளர்த்து ஆளாக்கினார்.

காமென்ஸ், கெர்லிட்ஸ், பெர்லின் என்று ஊர் ஊராகப் படித்து, 1703இல் ஹாலே பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்னும் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு அநாதை விடுதியும் பள்ளிகளும் நடத்திக்கொண்டிருந்தார். விசுவாசம் என்றால் வாயால் சொல்லுவது மட்டுமல்ல, கையால் செய்வதும்தான் என்பதை சீகன்பால்கு அங்கே கண்ணால் பார்த்தார். ஆனால் சரீரம் ஒத்துழைக்கவில்லை. அடிக்கடி நோய். படிப்பை முடிக்க முடியாமலே ஹாலேயை விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. நாம் இன்று வெளிநாட்டு ஊழியத்திற்கு ஆள் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், மருத்துவச் சான்றிதழைப் பார்த்த உடனே இவரை வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிடுவோம்.

அந்த நாட்களில் டென்மார்க்கின் ராஜா நான்காம் ஃபிரெடெரிக், தமக்குக் கீழ்ப்பட்ட தூர தேசத்து மக்களிடம் சுவிசேஷம் சொல்ல ஊழியர்களைத் தேடினார். டென்மார்க்கில் தகுந்த ஆட்கள் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் தேடியபோது இருவர் கிடைத்தார்கள். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் அவரைவிட மூத்தவரான ஹென்ரிக் புளூட்சோ. இருவரும் 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அந்த மாதக் கடைசியிலேயே சோஃபியா ஹெட்விக் என்னும் கப்பலில் ஏறினார்கள்.

கடலும் கோட்டை வாசலும்

இன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் ஏறினால் மறுநாள் சென்னை. அன்று ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கி, மறுபடியும் புறப்பட்டு, ஏழு மாதங்களுக்கு மேல் கடலிலே கழித்து, 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது.

தரங்கம்பாடி 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் வாடகைக்குப் பெற்ற கடற்கரை ஊர். டான்ஸ்போர்க் கோட்டை, மதில் சூழ்ந்த தெருக்கள், கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், சுற்றிலும் வயல்களும் சிற்றூர்களும். அதை ஆண்டது வியாபாரக் கம்பெனி. ராஜா அனுப்பிய இந்த இரண்டு ஜெர்மானியர் தங்கள் வியாபாரத்திற்கு இடைஞ்சலாக வந்துவிடுவார்களோ என்று கம்பெனியார் பயந்தார்கள். ஆளுநர் ஹாசியஸ் அவர்களை வரவேற்கவில்லை. ஊர் வாசலில் வெயிலில் நெடுநேரம் காக்க வைத்தார். பிறகு வந்து கடுமையாகக் கேள்வி கேட்டார். அதன்பின் அவர்களைத் தெருவிலே விட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கே போவது, எங்கே படுப்பது என்று தெரியாமல் அவர்கள் நின்றார்கள். கடைசியில் இரக்கப்பட்ட ஒருவர் தங்க இடம் காட்டினார்.

புது நாட்டில் முதல் நாள் என்பது அப்படிப்பட்டதுதான். நம்மில் பலருக்கு அது நன்றாகத் தெரியும். கையில் காகிதம் இருக்கிறது. அதில் ராஜாவின் முத்திரை இருந்தாலும், எதிரே நிற்பவர் முகம் கொடுக்காவிட்டால் நாம் யாரோ ஓர் அந்நியர்தான்.

முதலில் தோன்றிய எண்ணம்

அந்நாட்களில் ஐரோப்பியர் பலர் தமிழ் மக்களைப் பற்றி என்ன நினைத்தார்கள்? கல்வி இல்லாதவர்கள், ஒழுங்கான சட்டதிட்டம் இல்லாதவர்கள், அவர்கள் மொழிக்கு இலக்கணம்கூட இராது என்று நினைத்தார்கள். சீகன்பால்குவும் வந்த புதிதில் அப்படியே எண்ணினார். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. தாம் முதலில் அப்படி நினைத்திருந்ததை அவரே பிறகு வெளிப்படையாக எழுதி வைத்தார்.

அந்தத் தொடக்க காலத்தில் அவர் செய்த ஒரு காரியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கோயிலருகே வைத்திருந்த உருவங்களைக் கண்டு, அவற்றில் சிலவற்றைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலைகளை உடைத்தார். இவற்றுக்குச் சக்தி இல்லை என்று மக்களுக்குக் காட்டுவதாக அவருடைய எண்ணம். அங்கே வந்த ஓர் உபாத்தியாயர் கோபப்பட்டுச் சண்டைக்கு வரவில்லை. அவை கடவுள் அல்ல, கடவுளுடைய சேவகர்கள் மாத்திரமே என்று அமைதியாக விளக்கம் சொன்னார். விக்கிரகத்தை உடைக்கக் கை இருந்தது. ஆனால் உடைத்தது என்ன என்று தெரிந்துகொள்ளும் மொழி இன்னும் அவரிடம் முழுமையாக இல்லை. இந்த நிகழ்ச்சியையும் ஊருக்கு எழுதிய கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் சீக்கிரமே கண்டுகொண்டார். தமிழ் மக்கள் கிறிஸ்தவத்தை விட்டு விலகி நின்றதற்கு ஒரு காரணம், கிறிஸ்தவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்ட ஐரோப்பியரின் நடத்தைதான். அவர்களுடைய குடியையும் சண்டையையும் பேராசையையும் ஊரார் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதிக்க வந்த ஐயருக்கு, தம் சொந்த ஜனங்களைக் குறித்து வெட்கப்பட வேண்டிய நிலை வந்தது.

மணல் பள்ளிக்கூடம்

முதல் தேவை மொழி. கடற்கரை ஊர்களில் வியாபாரத்திற்குப் போர்ச்சுகீசிய மொழி ஓடிற்று. இருவரும் அதைக் கற்கத் தொடங்கினார்கள். ஆனால் ஊருக்குள்ளே, வயலிலே, வீட்டிலே பேசப்படுவது தமிழ். புளூட்சோ போர்ச்சுகீசியத்தை எடுத்துக்கொள்ள, சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார்.

பாடப் புத்தகம் இல்லை. அகராதி இல்லை. மொழி வகுப்பு இல்லை. ஆகவே அவர் ஏறக்குறைய 70 வயதான ஒரு தமிழ் வாத்தியாரைக் கண்டுபிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டில் வந்து நடத்தும்படி ஏற்பாடு செய்தார். சிறு பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, முன்னே மணலைப் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவார்கள். பல்கலைக்கழகத்தில் எபிரெயமும் கிரேக்கமும் படித்த ஐயர், அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். அவர்கள் அ என்று சொன்னால் இவரும் அ என்றார். அவர்கள் மணலில் கோடு இழுத்தால் இவரும் இழுத்தார். தப்பாக எழுதினால் மணலைத் தடவிவிட்டு மறுபடியும் எழுதினார்.

பிள்ளைகளே, ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். உங்கள் வகுப்பில் தாடி மீசை வைத்த ஒருவர் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் எழுத்தைப் பார்த்து எழுதினால் எப்படி இருக்கும்? சிரிப்பு வரும். அந்தப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கலாம். ஐயர் எழுந்து போகவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வாத்தியாருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்தைக் காட்ட முடிந்தது; அர்த்தத்தைச் சொல்ல முடியவில்லை. அப்போது அழகப்பன் என்பவர் கிடைத்தார். கம்பெனியில் முன்பு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்ச்சுகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசத் தெரிந்தவர். அவர் உதவியால் சொற்களின் கதவு திறந்தது. எட்டு மாதங்களுக்குள் சீகன்பால்கு தமிழில் பேசத் தொடங்கினார்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. 1708இல் எழுதிய ஒரு கடிதத்தில் தம் தினசரி ஒழுங்கைக் குறிப்பிடுகிறார். காலை ஆறு முதல் ஏழு வரை மக்களுக்கு ஞானோபதேசம். ஏழு முதல் எட்டு வரை ஏற்கனவே படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்ப் புத்தகங்கள் மட்டுமே. பக்கத்தில் ஒருவர் விளக்கம் சொல்ல, இன்னொருவர் புதுச் சொற்களை எழுதிக்கொள்வார். மதியம் மூன்று முதல் ஐந்து வரை மறுபடியும் தமிழ். இரவு ஏழு முதல் எட்டு வரை, விளக்கு வெளிச்சத்தில் கண் கெட்டுவிடும் என்பதால், ஒரு தமிழ் எழுத்தர் வாசிக்க இவர் காதால் கேட்பார். ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி வாசித்து, அதன் நடையை மனதில் பதிய வைத்துக்கொள்வார்.

ஏட்டு மொழி ஒன்று, மக்கள் வாயில் வரும் மொழி வேறு என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நான் இந்த நாட்டில் நர்சிங் அவுஸ்பில்டுங் செய்தபோது, குமட்டல் என்பதற்குப் புத்தகத்தில் ஊபெல்கைட் என்று படித்தோம். வார்டில் எந்த நோயாளியும் அப்படிச் சொன்னதில்லை. மிர் இஸ்ட் ஷ்லெஷ்ட் என்றுதான் சொல்லுவார்கள். புத்தகச் சொல்லை மட்டும் எதிர்பார்த்துக் காத்திருந்தால் நோயாளி படுக்கையிலேயே வாந்தி எடுத்துவிடுவார். ஒருவருக்கு உதவி செய்ய வேண்டுமானால், அவர் வலியை அவர் எந்தச் சொல்லால் சொல்லுகிறாரோ அந்தச் சொல் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓலைச்சுவடிகள் மாற்றிய மனம்

மொழி வந்ததும், அந்த மொழியில் உள்ள நூல்களைத் தேடினார். எழுத்தர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். விலைக்குக் கிடைக்காதவற்றைப் படியெடுக்கச் செய்தார். 1708இல் தம்மிடம் இருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். அதில் 119 நூல்களைக் குறித்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது என்று எழுதினார். திருக்குறளும் அதில் உண்டு. நம் வீட்டுப் பெரியவர்கள் சிறு வயதில் மனப்பாடம் செய்த கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றையும், நீதிவெண்பாவையும் அதே ஆண்டில் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இங்கேதான் அவர் மனம் மாறிற்று. இந்த மக்களுக்கு ஒழுங்கான மொழி இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, நீதி நூல்கள் இருக்கின்றன, மருத்துவம் இருக்கிறது. இவர்களை அநாகரிகர் என்று ஐரோப்பியர் நினைப்பதற்குக் காரணம் இவர்கள் மொழியை அறியாததுதான் என்று ஊருக்கு எழுதினார். கிறிஸ்தவர்கள் பலரைவிட இவர்கள் ஒழுக்கமாக வாழ்கிறார்கள் என்றும் சொல்லத் தயங்கவில்லை.

அவர் தம் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. விக்கிரக வழிபாடு தவறு என்ற எண்ணமும் கடைசி வரை அவரிடம் இருந்தது. ஆனால் முன்பு உருவங்களின் தலையை உடைத்த அதே மனிதர், பிற்பாடு அந்தத் தெய்வங்களைப் பற்றித் தமிழரிடமே கேட்டு, அவர்கள் சொன்னதை வரி வரியாக எழுதிக்கொண்டார். அவரும் உடன் ஊழியர் கிருண்ட்லரும் கேள்விகளை எழுதி அனுப்ப, தமிழர் பலர் தங்கள் சமயம், குடும்பம், பழக்க வழக்கம் பற்றிப் பதில் கடிதங்கள் எழுதினார்கள். அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார்கள். அங்கே அவை அச்சிடப்பட்டன. கிருண்ட்லர் தமிழ் மருத்துவத்தைப் பற்றி 1711இல் தனியே ஒரு நூல் எழுதினார்.

1713இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களின் வம்ச வரலாறு பற்றிய பெரிய நூல் ஒன்றை முடித்து ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அது வரவேற்கப்படவில்லை. அஞ்ஞான மார்க்கத்தை வேரறுக்கத்தான் அனுப்பினோம், அதைப் பற்றிய கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது ஃபிராங்கேயின் நிலை. அவருக்கு வழிகாட்டியாக இருந்த பெரியவரே கைவிரித்தார். அந்த நூல் 1867இல்தான், சென்னையில், அச்சேறியது. அதற்குள் 154 ஆண்டுகள் கடந்திருந்தன.

சிறையும் சபையும்

1707 மே மாதத்தில் முதல் ஞானஸ்நானம் நடந்தது. ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பிள்ளைகளுக்குப் பள்ளிகள் தொடங்கின. பெண் பிள்ளைகளும் படித்தார்கள்.

ஆளுநரின் கோபமும் வளர்ந்தது. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவளுக்காகப் பேசியதிலிருந்து மூண்ட தகராறில், 1708 நவம்பர் 19ஆம் தேதி அவரைப் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார்கள். நான்கு மாதங்களுக்கு மேல் அங்கே இருந்தார். யாருக்கு ஊழியம் செய்ய வந்தாரோ அவர்கள் அல்ல, அவரைப் போன்ற ஐரோப்பியக் கிறிஸ்தவர்களே அவரைச் சிறையில் வைத்தார்கள். அவருக்கு மொழி திறந்துவிட்ட அழகப்பனுக்கும் துன்பம் வந்தது; தரங்கம்பாடியை விட்டே வெளியேற்றப்பட்டார். ஐயரின் பெயரைச் சொல்லும்போது அந்த முதிய வாத்தியாரையும் இந்த அழகப்பனையும் சேர்த்துச் சொல்லுவதுதான் நியாயம்.

அச்சில் வந்த வேதம்

சிறைப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1708 அக்டோபர் 17ஆம் தேதி, புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழில் பெயர்க்கத் தொடங்கியிருந்தார். 1711 மார்ச்சில் முடித்தார். ஓலையில் எழுதிப் பரப்ப அதிக காலமும் செலவும் ஆகும். அச்சு வேண்டும்.

தமிழில் அச்சு அதற்கு முன்னும் உண்டு. 1578இலேயே கொல்லத்தில் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார் தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூலை அச்சிட்டிருந்தார். ஆனால் தரங்கம்பாடிக்கு எல்லாமே புதிதாக வர வேண்டியிருந்தது. லண்டனில் இருந்த கிறிஸ்தவ சங்கத்தார் அச்சு இயந்திரம் கொடுத்தார்கள். அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் வழியில் பிடித்துக்கொண்டார்கள்; கூட வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்தார். இயந்திரம் எப்படியோ வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துக்களை ஹாலேயில், தமிழ் அறியாத கைகள் வார்த்து 1713இல் அனுப்பின. அவை மிகப் பெரிதாக இருந்ததால் காகிதம் போதவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாரில் காகித ஆலையும் அமைத்தார்கள். இப்படி 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுவே.

அதில் கடவுளுக்கு அவர் எடுத்த சொல் சருவேசுரன். பின்னால் வந்தவர்கள் பராபரன் என்று மாற்றினார்கள்; நம் வேதாகமத்தில் தேவன் என்று வாசிக்கிறோம். ஒரு சொல்லைத் தேடி எத்தனை தலைமுறை உழைத்திருக்கிறது என்று பாருங்கள்.

நமக்கு முன்னே ஜெர்மனி வந்த தமிழர்

1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். அவரோடு பீட்டர் மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரும் கப்பல் ஏறினார். வழியெல்லாம் இருவரும் தமிழ் வேலை செய்தார்கள். ஹாலேக்கும் வந்தார்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் குளிரையும் இந்த ரொட்டியையும் ஒரு தமிழ்ப் பையன் பார்த்திருக்கிறார். அன்று அவருக்குச் சேர்ந்து பாட ஒரு தமிழ்ச் சபை இங்கே இல்லை. மணல் பள்ளியில் உட்கார்ந்த ஐயரின் நிலை இப்போது மலையப்பனுக்கு.

இந்தப் பயணத்தில் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் 1716இல் ஹாலேயில் அச்சானது. இனி வருகிற ஊழியர் மணலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. மரியா டொரோத்தேயா சால்ஸ்மன் என்பவரைத் திருமணம் செய்து, இங்கிலாந்து வழியாக 1716இல் திரும்பினார். பழைய ஆலயம் போதாமல், புதிய எருசலேம் ஆலயத்தைப் பெரிதாகக் கட்டி, 1718 அக்டோபர் 11ஆம் தேதி பிரதிஷ்டை செய்தார். இன்றும் தரங்கம்பாடியில் நிற்பது அதுதான்.

கடைசி ஆண்டு கசப்பானது. கோபன்ஹேகனில் மிஷன் காரியங்களைப் பார்த்தவர்கள், கட்டிடமும் பள்ளியும் எதற்கு, எளிமையாகப் பிரசங்கம் செய்தால் போதாதா என்று கடுமையாகக் கடிதம் எழுதினார்கள். ஏற்கனவே பலவீனமான சரீரம், மனமும் உடைந்தது. 1719 பிப்ரவரி 23ஆம் தேதி, நண்பர்களிடம் ஞானப்பாட்டு பாடச் சொல்லிக் கேட்டபடியே கண்மூடினார். வயது 36. அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்திருந்தார். மீதியைப் பின்வந்தவர்கள் முடித்தார்கள்.

இன்று நமக்கு

ஜெர்மனியிலிருந்து 18 முதல் 28 வயது வரையுள்ள இளைஞர்கள் வெல்ட்வெர்ட்ஸ் என்னும் அரசுத் திட்டத்தின் மூலம் 2008 முதல் வெளிநாடுகளுக்குத் தன்னார்வப் பணிக்குப் போகிறார்கள். இந்தியாவுக்கும் போகிறார்கள். நம் சபைப் பிள்ளைகளிலும் சிலர் பள்ளி முடித்து அப்படிப் போக ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டு மகிழ்ந்தேன். போகிறவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான். முதல் மாதம் எதையும் திருத்த வேண்டாம். யார் பக்கத்தில் தரையில் உட்காரலாம் என்று பாருங்கள். முதல் நாள் பார்த்ததை டைரியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதையே எடுத்து வாசித்து, எது நிஜம், எது நம் அறியாமை என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். சீகன்பால்கு ஐயர் செய்தது ஏறக்குறைய அதுதான்.

சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்குப் போக முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ழகரமும் றகரமும் கஷ்டம் என்று நீங்கள் சொல்லுவது உண்மை. புல்ஸ்னிட்ஸ் பையனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு அம்மா பேசிய மொழி அல்ல அது. உங்களுக்கு அது பாட்டி பேசும் மொழி.

வசதி உள்ள குடும்பங்கள் விடுமுறையில் ஹாலேக்கு ஒரு முறை போய் வரலாம். ஃபிராங்கே நிறுவனங்களின் பழைய கட்டிடங்கள் இன்றும் இருக்கின்றன. தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே பத்திரமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

1. சீகன்பால்கு ஐயர் பிறந்த ஊர் எது? அந்த ஊர் எந்தப் பலகாரத்திற்குப் பெயர் பெற்றது?
2. தரங்கம்பாடியில் அவர் எந்த ஆண்டு, எந்த மாதம் வந்து இறங்கினார்?
3. தமிழ் எழுத்துக்களை எதில் எழுதிக் கற்றுக்கொண்டார்? பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?
4. காகித ஆலை எந்த ஊரில் அமைக்கப்பட்டது?
5. அவரோடு ஜெர்மனிக்கு வந்த தமிழ் இளைஞர் பெயர் என்ன?

விடைகளைத் தமிழிலேயே எழுதி ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். கர்த்தர் நம் சபையையும் நம் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.